இருபத்திரண்டு வருடக் கண்ணாடி

டெஸ் ஹார்விக் முதலில் அதைத் தலைமுடி என்றுதான் நினைத்தார். விறகுக் கணப்பின் இரும்புக் கதவில் பதித்த கண்ணாடியில் கரியைத் துடைத்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடியது. ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தோய்த்து இன்னொரு முறை தேய்த்தார். முடி போகவில்லை. நகத்தால் கீறினார். நகம் மாட்டியது.

விரிசல்.

"நோரீன்!" என்று கத்தினார்.

கத்தின பிறகுதான், மனைவி நோரீன் வீட்டை விட்டுப் போய்ப் பத்து வாரம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. டெவன்போர்ட்டில் இருக்கும் அக்காவுக்கு இடுப்பு ஆபரேஷன், மூன்று வாரம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அக்கா எழுந்து, நடந்து, இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நடன வகுப்புக்கே போகிறாளாம். நோரீன்தான் வரவில்லை. போகும்போது தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு ஏதாவது தைக்கவேண்டியிருக்கும் என்று டெஸ் நினைத்துக்கொண்டார். பூனையையும் எடுத்துக்கொண்டாள். பூனைக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

இந்தத் திங்கட்கிழமைதான் போன் வந்தது.

"சனிக்கிழமை மத்தியானம் வர்றேன், டெஸ். ஜாரட் அவன் யூட்ல கூட்டிட்டு வர்றான்."

ஜாரட் அக்கா பையன். யூட் என்பது பின்னால் தொட்டி வைத்த வண்டி. விறகு, ஆடு, பீரோ எது வேண்டுமானாலும் ஏறும்.

"யூட் எதுக்கு? பஸ்ல வரலாமே?"

"சாமான் இருக்கு."

"இருக்கும், இருக்கும். பத்து வாரத்துல எவ்வளவு வாங்கிக் குவிச்சியோ," என்று சிரித்தார் டெஸ்.

மறுமுனையில் சிரிப்பு கேட்கவில்லை. போன் லைன் சரியில்லை என்று முடிவு செய்தார்.

அவள் வருகிறாள் என்பதற்காகத்தான் இன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவே உட்கார்ந்தார். வழக்கமாகத் துடைப்பது நோரீன். எப்படித் துடைக்கவேண்டும் என்று சொல்வது டெஸ். வேலைப் பங்கீடு அந்த வீட்டில் எப்போதுமே தெளிவாக இருந்தது.

ஹியூவான் பள்ளத்தாக்கில் அந்தக் கண்ணாடியைத் தெரியாதவர்கள் கிடையாது. டெஸ் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் முப்பது வருடம் இருந்தவர், அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைவர். ஓய்வு பெற்ற பிறகும், அங்கே குளிர் தொடங்கும் மே மாதம் பிறந்தால் ஊர் மண்டபத்தில் கணப்புப் பாதுகாப்பு பற்றிப் பேசாமல் விடமாட்டார். பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்துதான் முடியும்.

"எங்க வீட்டுக் கணப்புக்கு இருபத்திரெண்டு வயசு. கண்ணாடி? அதே கண்ணாடி! ஒரு கீறல் கிடையாது. ஏன்? ஒழுக்கம்!"

அந்த ஒழுக்கம் பத்து விதிகளாக அச்சடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறை போடப்பட்டு, கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. விதி ஒன்று, விறகு முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. விதி நான்கு, கதவால் விறகை உள்ளே தள்ளக் கூடாது. விதி ஒன்பது, சந்தேகம் இருந்தால் டெஸ்ஸைக் கேட்கவும். அந்த வீட்டில் மொத்தம் இருந்ததே இரண்டு பேர்.

நோரீன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட நான்காம் விதியில்தான் வந்து நின்றது. அவள் வைத்த விறகு அளவைவிட இரண்டு விரல் கூடுதல்; கதவாலேயே உள்ளே தள்ளினாள். டெஸ் அதை இடுக்கியால் பிடித்து, புகையப் புகைய வீட்டின் நடுவே கொண்டுபோய் முற்றத்தில் போட்டுவிட்டு வந்து, சுவரைக் காட்டி, நான்காம் விதியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். நோரீன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் ஒப்புக்கொண்டாள் என்று ஆயிற்று.

ஆகவே, விரிசலைப் பார்த்ததும் டெஸ்ஸுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. இது அவள் வேலைதான்! அந்த விறகுதான்! எவ்வளவு பெரிய மனதோடு மன்னிக்கப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கே நெஞ்சு விம்மியது. கெட்டிலுக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார்.

"பரவால்ல நோரீன். மனுஷங்கன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்."

நன்றாக வந்தது. இன்னும் ஒரு முறை விரிசலைப் பார்த்து ரசிக்கலாம் என்று குனிந்தார். அங்கேதான் வினை. மண்டபப் பேச்சில் அவர் காட்டும் மூன்றாவது படமே இதுதான்: விரிசலுக்குள் கரி ஏறியிருந்தால் பழையது, வெள்ளையாக இருந்தால் புதியது.

வெள்ளையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. விறகு கொஞ்சம் நீளம்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கதவை முட்டியால் ஒரு தள்ளு தள்ளினார். 'டக்' என்றது. இரும்பு சூடேறினால் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டு படுக்கப் போனார். அந்தச் சத்தமும் அந்தச் சமாதானமும் அவருக்குப் புதிதல்ல.

டெஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோரீன் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்று பத்து வாரம் ஆயிற்று. வா என்று கூப்பிட ஆசைதான். ஆனால் அந்தச் சொல் அவருடைய பத்து விதிகளில் எங்குமே இல்லை. கண்ணாடி முழுதாக இருந்தால் போதும், அவள் உள்ளே வந்து, அதன் வழியாக நெருப்பைப் பார்த்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிடுவாள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். இன்று புதன். சனிக்கு இன்னும் மூன்று நாள்.

ஹியூவான்வில்லில் கணப்பு விற்கும் பெவ் கடைக்குப் போனால் அரை மணியில் கண்ணாடி கிடைக்கும். ஆனால் மண்டபப் பேச்சில் முதல் வரிசையில் உட்காருகிறவள் இந்த பெவ். "இருபத்திரெண்டு வயசு" என்று டெஸ் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். அதை டெஸ் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை இழக்க அவர் தயாராக இல்லை.

நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்புளியை எடுத்தார். இருபத்திரண்டு வருடத் திருகாணி, துருப்பிடித்து இறுகியிருக்கும், ஒரு நாள் போராட்டம் என்று சட்டையைச் சுருட்டிவிட்டு இறங்கினார். எட்டுத் திருகாணியும் வெண்ணெயில் இருந்து வருவதுபோல வந்தன. மரையில், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் செம்பு நிறப் பசை பளபளத்தது.

"பாத்தியா? மாட்டினவன் யாரு!" என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

தட்டின கையைக் கதவுக்குக் கொண்டுவருவதற்குள் கண்ணாடி நழுவிக் கல்தரையில் விழுந்தது. விரிசலாக இருந்தது இரண்டு துண்டானது.

புகை கசியாமல் இருக்கக் கதவு ஓரத்தில் ஒட்டும் கயிறும் பிய்ந்திருந்தது. ஏதாவது கிடைக்குமா என்று துணி துவைக்கும் அறை அலமாரியைக் குடைந்தபோது, சோப்புத்தூளுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே அதே வெள்ளைக் கயிறு, பாதி தீர்ந்த சுருள். பக்கத்தில் நசுங்கின சின்ன டியூப் ஒன்று, செம்பு நிறப் பசை.

"இதையெல்லாம் வெச்சு என்ன கைவேலை செய்யறாளோ," என்று அலுத்துக்கொண்டே கயிற்றை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை குப்பைமேட்டுக் கடைக்குப் போனார். ஊர் கழித்துப் போட்டதை ஊருக்கே திரும்ப விற்கும் அந்தக் கடையில் பழைய சமையல் அடுப்பு ஒன்றின் கண்ணாடிக் கதவு கிடைத்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே பக்கத்துத் தோட்டத்து லிண்ட்சே. ஆப்பிள் போடுகிறவர். பள்ளத்தாக்கில் யார் வீட்டில் என்ன என்பது அவரவருக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும்.

"என்ன டெஸ், அடுப்புக் கதவோட சுத்தற?"

"கோழிக்கூண்டுக்கு. ஜன்னல்."

"கோழிக்கு ஜன்னலா?"

"கோழிக்கும் வெளிச்சம் வேணும்ல?"

"உங்கிட்ட கோழியே கிடையாதேய்யா."

"வாங்கப்போறேன்."

லிண்ட்சே தாடையைச் சொறிந்தார். அவர் கண்ணில் இரக்கம் தெரிந்தது. "நல்லதுதான் டெஸ். தனியா இருக்கற வீட்ல ஏதாவது ஒரு உசிரு நடமாடணும்."

"யாரு தனியா? நோரீன் நாளன்னிக்கு வர்றா!"

"ஆமாமா," என்று லிண்ட்சே தன் வண்டியைப் பார்க்க நடந்துவிட்டார்.

அடுப்புக் கதவுக் கண்ணாடியை வெட்டக் கூடாது, வெட்டினால் பொடியாகிவிடும் என்பது டெஸ்ஸுக்குத் தெரியும். மண்டபத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் வெட்டினார். ஒரே ஒரு கோடுதான் போட்டார். மேசையில் ஒரு படி கல்உப்பு மாதிரி கண்ணாடிக் குவியல்.

கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது சுவரில் இன்னொரு கண்ணாடி தெரிந்தது. முப்பது வருடச் சேவைக்காகத் தீயணைப்புக் குழு கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்டது. அளந்தார். கச்சிதம். சாதாரணக் கண்ணாடி தீயைத் தாங்காது என்பது அவருடைய விதி ஏழு. ஆனால் சின்னத் தீயாகப் போட்டு, சும்மா காட்டினால் போதாதா? சான்றிதழை மடித்து இழுப்பறையில் வைத்தார். கண்ணாடியைப் பொருத்தி, நாலு சுள்ளி போட்டுப் பற்றவைத்து, தேநீரோடு எதிரே உட்கார்ந்தார்.

பார்க்க அற்புதமாக இருந்தது. பதினோரு நிமிடம் இருந்தது. பிறகு 'படீர்' என்று வெடித்து, கண்ணாடியும் கங்குமாகக் கம்பளத்தில் வந்து விழுந்தது. டெஸ் தேநீரை ஊற்றி அணைத்தார். நோரீனின் அம்மா கொடுத்த கம்பளம் அது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

ஓட்டையை மறைக்க நோரீனின் நாற்காலியை இழுத்து அதன்மேல் போட்டார். நாற்காலி ஒரே கோணத்தில்தான் அங்கே அடங்கியது. அவளுடைய நாற்காலி இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எதிரே பத்து விதிகள்.

அன்றைக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, இரண்டு காலுறையோடு படுத்தார். அங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில் கணப்பில்லாத வீட்டில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் குளிர்.

வெள்ளிக்கிழமை காலை அவர் புத்தி வேறு பக்கம் போயிற்று. கண்ணாடிதான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? தகரக் கதவு வைத்த கணப்புகள் அந்தக் காலத்தில் இல்லையா? நோரீன் லாமிங்டன் கேக் சுடும் தட்டை எடுத்து, எட்டு ஓட்டை போட்டு, கதவில் முறுக்கிவிட்டார். இது புது மாதிரி, இப்போதெல்லாம் இதுதான் வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பற்றவைத்தார்.

தட்டின் விளிம்பு ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் எழுந்தது. எழுந்த பக்கமெல்லாம் புகை வந்தது. முதலில் நூலாக, பிறகு கயிறாக, பிறகு மொத்தமாக. கூரையில் இருந்த புகை மணி அலற ஆரம்பித்தது. நிறுத்த நாற்காலி தேடினார். நோரீனின் நாற்காலியை நகர்த்தினால் ஓட்டை தெரிந்துவிடும். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. துடைப்பக் கட்டையால் எம்பி எம்பி மணியை அடித்தார்.

அந்த நேரம் பார்த்து லிண்ட்சே வந்தார். இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழி.

"டெஸ்! ஜன்னல் வெச்சாச்சா? உனக்காக ரெண்டு பெட்டை... ஐயோ, என்னய்யா இது!"

கோழிகள் கை நழுவி உள்ளே பறந்தன. லிண்ட்சே போனை எடுத்தார்.

"யாருக்குப் போடற? வேணாம்! லிண்ட்சே, வேணாம்யா!" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

டெஸ் பயிற்சி கொடுத்த குழுதான். ஏழு நிமிடத்தில் வந்து நின்றது. வேறு நாளாயிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். முன்னால் இறங்கியது இப்போதைய தலைவி ட்ரூடி. பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தவளுக்குக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே டெஸ்தான்.

"சீஃப்! உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்போ அது என்ன சத்தம்?"

"கோழி."

ஐந்து நிமிடத்தில் ஜன்னல்களெல்லாம் திறந்து, கணப்பில் இருந்த கட்டைகள் முற்றத்துக்குப் போய், மணி ஓய்ந்தது. இடுக்கியால் பிடித்து, புகையப் புகைய வீட்டின் நடுவே கொண்டுபோனார்கள். டெஸ் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை.

ட்ரூடி கேக் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"விதி ஆறு," என்று படித்தாள். "கதவில் உரிய கண்ணாடி தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது."

"எனக்குப் படிக்கத் தெரியும், ட்ரூடி."

"தெரியும் சீஃப். எழுதினதே நீங்கதானே." அவள் கண் அறையைச் சுற்றிவந்தது. தையல் மெஷின் இருந்த மேசை காலி. பூனைக் கூடை இருந்த மூலை காலி. சுவரைப் பார்த்த நாற்காலியில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. "நோரீன் எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு வர்றா. அக்கா பையன் யூட்ல கூட்டிட்டு வர்றான்."

குழுவில் வந்த நாலு பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். லிண்ட்சே கோழியைப் பிடிக்கக் குனிந்தவர், பிடித்த பிறகும் நிமிரவில்லை.

"பெவ் கடைக்குப் போயிட்டு வாங்க, சீஃப்," என்றாள் ட்ரூடி. "ஒரே ஒரு கண்ணாடி. அரை மணி வேலை. இதுல என்ன வெக்கம்?"

"வெக்கமெல்லாம் இல்ல. நேரம் கிடைக்கல."

மூன்று மணிக்குப் பெவ் கடையில் நின்றார். முகம் கழுவியிருந்தார், ஆனாலும் காதோரம் கரி இருந்தது. கடையில் வரிசையாகப் புதுக் கணப்புகள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று கண்ணாடி. பெவ் மேசைக்குப் பின்னால் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கு வரவில்லை.

"டெஸ்! நீங்களா?"

"நான்தான். ஏன், நான் வரக்கூடாதா? கணப்புக் கதவுக்கு ஒரு கண்ணாடி வேணும். எனக்கில்ல. லிண்ட்சேக்கு."

"லிண்ட்சே வீட்ல கணப்பே இல்லையே. கரண்ட் ஹீட்டர்தானே?"

"வாங்கப்போறான்."

பெவ் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அளவு கேட்காமலே போகிறாளே என்று டெஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனம் லேசாயிற்று. சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம். நாளைக்குக் காலையில் நல்ல யூகலிப்டஸ் கட்டையாகப் பார்த்துத் தீ மூட்டவேண்டும். சரியான நீளத்தில். அவள் வரும்போது வீடு கதகதப்பாக இருக்கவேண்டும். அந்தச் சுவரில் இருப்பதைக்கூடக் கழற்றிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. பத்தையும் வேண்டாம், நாலாவதை மட்டும் அடித்துவிடலாம்.

பெவ் பழுப்புத் தாளில் சுற்றின கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நானூத்திப் பத்துக்கு இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு. வெட்டி ரெடியாவே இருக்கு. கயிறு வேணாம், வீட்ல மிச்சம் இருக்கும். சோப்புத்தூளுக்குப் பின்னாடி, பிஸ்கட் டப்பால."

டெஸ் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். நானூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

"அளவை நான் சொல்லவே இல்லையே, பெவ்?"

பெவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"உங்க வீட்டுக்கு இது எட்டாவது கண்ணாடி, டெஸ். 'முட்டியால கதவைச் சாத்தி உடைச்சிட்டுப் படுக்கப் போயிடுவார், அவர் பாக்கறதுக்குள்ள மாட்டிடணும்'னு ஒவ்வொரு தடவையும் நோரீன்தான் ஓடி வருவா; 'என்னைக்கு இதுக்கு அவரே வந்து நிக்கறாரோ, அன்னைக்கு நான் அந்த வீட்ட விட்டுப் போயிட்டேன்னு தெரிஞ்சுக்கோ, பெவ்'னு சொல்லிட்டுப் போவா."